கண்ணாடிக்கு வெளியே ஒன்பது நாள்

என் மகள் 2023 புரட்டாசியில், 31 வாரத்தில் பிறந்தாள். எடை 1,380 கிராம். நான் அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். வருஷக்கணக்காக நெல் மூட்டையின் எடையை எழுதி வந்த கை, அன்றிலிருந்து பிள்ளையின் எடையைக் கிராம் கிராமாக எழுத ஆரம்பித்தது. அந்த நாற்பது பக்க நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அப்பா இல்லை, அண்ணன் வெளிநாட்டில், மாமனார் படுத்த படுக்கை. அந்த நாற்பத்திரண்டு நாளும் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு பணம், எங்கே கையெழுத்து என்று எல்லாவற்றையும் நான் ஒருவனே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு பச்சிளங்குழந்தைக்கு நல்ல கவனிப்பு என்றால் என்ன, அதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் பணம் மட்டுமல்ல, பிள்ளையின் கண்ணுக்கு வந்த ஆபத்தும் குறைந்திருக்கலாம் என்பது இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

ராத்திரி பதினொரு மணிக்கு என் மனைவிக்குப் பனிக்குடம் உடைந்தது. வளைகாப்புக்கு நாள் பார்த்து வைத்திருந்தோம். அவள் மாதாமாதம் காட்டிவந்த தனியார் பிரசவ ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். "வலி எப்ப வேணும்னாலும் வந்துரும், இங்கேயே இருக்கட்டும்" என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பிறந்தது மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு. நடுவில் முழுதாகப் பதினைந்து மணி நேரம். அங்கிருந்து திருநெல்வேலி முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ராத்திரியில் ஒரு மணி நேரப் பாதை. குறைமாதப் பிள்ளையை வைத்துப் பார்க்க அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டி கிடையாது, மூச்சுக்கு உதவும் கருவி கிடையாது, பச்சிளங்குழந்தை டாக்டரும் கிடையாது. அதை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 37 வாரம் ஆவதற்குள் வலியோ பனிக்குடம் உடைவதோ வந்தால் முதல் கேள்வி "பிள்ளை இப்பவே பிறந்தா இங்க வச்சுப் பாக்க முடியுமா?" என்பதாக இருக்கட்டும். முடியாது என்றால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தாயைப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோவதுதான் நல்லது. அம்மாவின் வயிற்றைவிடப் பத்திரமான வண்டி எதுவும் இல்லை என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். வழியிலேயே பிறந்துவிடும் என்கிற நிலைமை இருந்தால் அது வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்க வேண்டியது நாம்.

இரண்டாவது கேள்வி ஊசி பற்றியது. 24 வாரத்திலிருந்து 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால், பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஒரு வகை மருந்து என்றால் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை, இன்னொரு வகை என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு தடவை. புதுமையான மருந்தும் இல்லை, விலையும் பெரிதாக இல்லை. என் மனைவிக்கு முதல் ஊசி போட்டது காலை எட்டு மணிக்கு. ராத்திரி போய்ச் சேர்ந்ததுமே போட்டிருந்தால் கூடுதலாகச் சில மணி நேரம் கிடைத்திருக்கும். ஒரு ஊசியும் ஓரளவு உதவும் என்று சொன்னார்கள். அதில்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

பிறந்ததும் பிள்ளை முனகினாள். மூச்சு விடும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. "உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க" என்று ஒரு ஆம்புலன்ஸை வரச் சொன்னார்கள். சாதாரண வண்டி. பஞ்சும் துண்டும் சுற்றி என் மடியில் கொடுத்தார்கள். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டும்போதும் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அவ்வளவு பயத்தை என் வாழ்க்கையில் பட்டதில்லை. போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் உடம்பு வெப்பம் 35 டிகிரி. 36.5-க்குக் கீழே போகக்கூடாது. குளிர்ந்துபோன பிள்ளைக்கு மூச்சும் மோசமாகும், ரத்தத்தில் சர்க்கரையும் குறையும், அப்புறம் தேற நேரம் ஆகும். 108-ல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே கண்ணாடிப் பெட்டி வைத்த வண்டிகள் இருக்கின்றன. "பிறந்த குழந்தை, குறைமாசம், மூச்சுத் திணறல்" என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். வேறு வண்டிதான் கிடைத்தது என்றால், அதில் ஆக்சிஜனும் கூட வர ஒரு நர்ஸும் உண்டா என்று கேளுங்கள். ஏசியை அணைக்கச் சொல்லுங்கள், தலைக்குக் குல்லா போடுங்கள். பிள்ளை கொஞ்சம் நிலையாக இருந்தால் சட்டையைக் கழற்றி, வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே போர்வையைச் சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள். துண்டில் சுற்றி மடியில் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். அன்றைக்கு என் உடம்புச் சூடு சும்மா வீணாகப் போனது.

திருநெல்வேலியில் எந்த ஆஸ்பத்திரி என்பதை நான் முடிவு செய்யவில்லை. டிரைவரே ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பெயர் வேண்டாம். பளபளவென்று தரை, வாசலில் பிள்ளையார், லிப்டில் பாட்டு. பார்த்ததும் "சரி, பிள்ளை பிழைத்துக்கொள்ளும்" என்று தோன்றியது. ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவை மூடினார்கள். அதற்கப்புறம் ஒன்பது நாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். என் மனைவியோ ஆபரேஷன் செய்த வயிற்றோடு அம்பையில் கிடந்தாள். நான் போனில் படம் எடுத்து அனுப்புவேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து "எந்தப் பெட்டி நம்ம பிள்ள?" என்று கேட்பாள்.

அந்த ஐந்து நிமிஷங்களில் நான் பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அவற்றின் அர்த்தம் தெரியவில்லை. இரண்டாம் நாள்: "ஏழு பிள்ளை, ஒரு நர்ஸ்." மூச்சுக் கருவியில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு நர்ஸ், மிஞ்சினால் இரண்டு பிள்ளைக்கு ஒருவர் இருக்க வேண்டும். ஓரளவு தேறிய பிள்ளைகள் என்றால் மூன்று நான்கு பேருக்கு ஒருவர். ஏழு பேரை ஒரு பெண் எப்படிப் பார்ப்பாள்? அவளைக் குறை சொல்லவில்லை, அவள் ஓடிக்கொண்டேதான் இருந்தாள். மூன்றாம் நாள்: "ஒரு பிள்ளைக்குத் துணி மாற்றிவிட்டு அதே கையுறையோடு நம் பிள்ளையின் குழாயைச் சரி செய்தார்." நான்காம் நாள்: "மானிட்டர் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ வந்து சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போனார்." ஐந்தாம் நாள்: "ஆக்சிஜன் 100. நல்லது." இந்த கடைசி வரிக்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு வார்டு நல்லதா என்று பார்க்க எனக்கு யாராவது ஒரே ஒரு யோசனைதான் சொல்லியிருக்க முடியும் என்றால், "கையைப் பார்" என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போகிற டாக்டர், நர்ஸ், துப்புரவு செய்கிறவர், எக்ஸ்ரே எடுக்க வருகிறவர் என்று எல்லோரும் ஒவ்வொரு பிள்ளையைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கையைச் சுத்தம் செய்கிறார்களா? மோதிரம், வாட்ச், வளையல் இல்லாமல் முழங்கை வரை வெறுங்கையாக இருக்கிறதா? ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் கைக்கு மருந்து பாட்டில் இருக்கிறதா, அதில் மருந்து இருக்கிறதா? குறைமாதப் பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோவதில் கிருமித் தொற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது பெரும்பாலும் கை வழியாகத்தான் போகிறது. இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம், கண்ணாடிக்கு வெளியே நின்று பத்து நிமிஷம் பார்த்தால் போதும்.

ஆறாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி, கிருமி ஏறியிருக்கிறது, மருந்தை மாற்றுகிறோம் என்றார்கள். எட்டாம் நாள் இன்னொரு மருந்து. வெளியே மருந்துக்கடையில் ஒரு குப்பி 2,800 ரூபாய் என்று வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கிருமி என்று கேட்டிருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று சோதனைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் விவரம் வந்துவிடும். வந்ததும் அதற்கேற்ற மருந்தாக மாற்றுவார்கள், ஒன்றும் வளரவில்லை, பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்றால் நிறுத்திவிடுவார்கள். "கல்ச்சர் அனுப்பினீங்களா, ரிசல்ட் என்ன?" என்று கேட்பதற்கு நாம் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். நான் கேட்டது ஒன்பதாம் நாள். "அதெல்லாம் போயிருக்கு" என்றார்கள். காகிதமாக எதுவும் என் கைக்கு வரவே இல்லை.

பால் விஷயத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. அந்த ஒன்பது நாளில் ஒருவர்கூட "தாய்ப்பால் கொண்டு வாங்க" என்று சொல்லவில்லை. மருந்துச் சீட்டில் பால் பவுடர் டப்பா எழுதிக் கொடுத்தார்கள், வாங்கிக் கொடுத்தேன். அம்பையில் என் மனைவிக்குப் பால் கட்டி, காய்ச்சல் வந்து, பிழிந்து கீழே ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் சில நாளில் வருகிற சீம்பால் சொட்டுச் சொட்டாக இருந்தாலும் அதுதான் குறைமாதப் பிள்ளைக்கு மருந்து. பவுடர் பால் குடிக்கிற குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அம்மா வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து, சுத்தமான பாத்திரத்தில் பிழிந்து மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம். வெளியே வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும், பிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். அம்பையிலிருந்து திருநெல்வேலிக்குக் காலையிலும் சாயங்காலமும் பஸ் இல்லையா, ஆள் இல்லையா? கேட்டிருந்தால் தலைகீழாக நின்றாவது கொண்டு போயிருப்பேன். ஒரு ஆஸ்பத்திரி முதல் நாளே தாய்ப்பாலைக் கேட்கிறதா என்பதை வைத்தே பாதி எடை போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

வீட்டில் ஆச்சி வேறு. "எட்டாம் மாசத்துப் பிள்ள தங்காதும்பாவ, ஏழுன்னா தங்கும். இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டுச் செலவு பண்ணுத?" என்றாள். அவள் மேல் கோபம் இல்லை, அவள் காலத்தில் பார்த்தது அப்படி. ஆனால் அந்தப் பேச்சு உண்மையில்லை. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிள்ளை பிழைக்கிற வாய்ப்பு கூடத்தான் செய்யும். இன்றைக்கும் நம் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்டு மனதைத் தளரவிடுகிற வீடுகள் இருக்கின்றன.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரசவ ஆஸ்பத்திரிக்கு 38,000. ஆம்புலன்ஸ் 4,500. ஒன்பது நாள் பில் 2,41,600. வெளியே வாங்கிக் கொடுத்த மருந்துக்கு 52,300. ஆக மொத்தம் 3,36,400. மனைவியின் ஏழு பவுன் சங்கிலி வங்கிக்குப் போனது. ஆலையில் எங்களுக்கு ஒரு குழு இன்சூரன்ஸ் உண்டு. போன் செய்து கேட்டால், பிள்ளை பிறந்து 90 நாள் ஆன பிறகுதான் பிள்ளைக்குச் செல்லும் என்றார்கள். பல பாலிசிகளில் இப்படித்தான் இருக்கிறது. பிறந்த முதல் நாளிலிருந்து பிள்ளைக்கு உண்டா என்பதை மனைவி முழுகாமல் இருக்கும்போதே படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும் என்பதும் தெரியும். ஆனால் எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்தது இல்லை. சேர்ந்த இடத்திலும் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி இருக்காது. "பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கு இங்க காப்பீடு உண்டா?" என்று அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டும். நான் நான்காம் நாள் கேட்டேன். இல்லை என்றார்கள்.

ஒன்பதாம் நாள் கையில் காசு தீர்ந்தது. ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரிப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றப் போகிறேன் என்றேன். "வழியில ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்ல" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி என்று அரைப் பக்கம் கொடுத்தார்கள். மூச்சுக் கருவி எத்தனை நாள், ஆக்சிஜன் எத்தனை நாள், ரத்தப் பரிசோதனை முடிவு, எதுவும் அதில் இல்லை. நோயாளியின் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் விதி இருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது. எழுதிக் கேளுங்கள், கேட்டதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டர் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் உங்கள் பிள்ளையைப் புரிந்துகொள்ள முடியும்.

ஹைகிரவுண்டுக்குள் நுழையும்போது எனக்கு அழுகை வந்தது, தோற்றுப்போய் வருகிறோம் என்று. வராந்தா முழுக்கக் கூட்டம். சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. கல்லூரி ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தொலைத்துவிடுவோம் என்று நினைத்தேன். பச்சிளங்குழந்தை வார்டு வாசலில் ஒரு வயதான சிஸ்டர் என் கையைப் பிடித்து மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றைக் கத்தரித்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். நான் அவசரமாகக் கழுவினேன். "இல்ல தம்பி, நகத்துக்குள்ள, விரல் இடுக்குல, திரும்பக் கழுவுங்க" என்றார். ஒன்பது நாளில் முதல்முறையாக என் பிள்ளையைத் தொட்டேன். என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே அழுதுவிட்டேன். அந்தச் சிஸ்டர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

மறுநாள் மனைவியை வரவழைத்தார்கள். "அம்மா எங்க? பால் எங்க?" என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. பால் வற்றிக்கொண்டிருந்தது. எப்படிப் பிழிவது என்று ஒரு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் 6 மில்லி, நான்காம் நாள் 40 மில்லி என்று என் நோட்டில் இருக்கிறது. குழாய் வழியாக, அப்புறம் பால் புகட்டுகிற பாலாடையில், அப்புறம் மார்பில் என்று படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். கங்காரு முறை என்று, பிள்ளையை வெறும் உடம்போடு அம்மாவின் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துக் கட்டிவிட்டார்கள். 1978-ல் கொலம்பியா நாட்டில், பெட்டிகள் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கியது இது. இப்போது உலக சுகாதார நிறுவனமே குறைமாதப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் எட்டு மணி நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் வரை இப்படி வைக்கச் சொல்கிறது. பிறந்தவுடனே தொடங்கினால் சாவு கால் பங்கு குறைகிறது என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. டாக்டர் இதைச் சொன்னபோது, வேனில் என் மடியில் குளிர்ந்துபோன பிள்ளைதான் ஞாபகத்துக்கு வந்தாள். மனைவி சாப்பிடப் போகும் நேரத்தில் நான் கட்டிக்கொள்வேன். ஆம்பளை கட்டினால் சூடு வராது என்று வெளியே யாரோ சொன்னார்கள். நன்றாகவே வரும்.

அங்கே குறை இல்லாமல் இல்லை. உட்கார இடம் கிடையாது. டாக்டரைப் பிடித்துப் பேச நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நான் ராத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்தேன். முப்பத்து மூன்று நாளில் சாப்பாடு, அறை, பஸ் என்று 21,000 செலவானது. சிகிச்சைக்கு ஒரு ரூபாய் கட்டவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்தும் பரிசோதனையும் இலவசம் என்பது 2011 முதலே உள்ள திட்டம். தனியார் எல்லாம் மோசம், அரசு எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எங்களோடு வார்டில் இருந்த ஒரு நாங்குநேரிக்காரர் தனியாரில் மிக நல்ல கவனிப்புக் கிடைத்து, பணம் முடிந்ததால் மட்டும் இங்கே வந்தவர். அவர் கொண்டுவந்த சம்மரி நான்கு பக்கம் இருந்தது. கட்டடத்தையும் பில்லையும் பார்த்து எடை போடக்கூடாது என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது அந்த "ஆக்சிஜன் 100" விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை பிறந்து 24-ம் நாள், கை கழுவச் சொன்ன அதே சிஸ்டர் கேஸ் தாளைப் புரட்டிக்கொண்டே "தம்பி, கண்ணு பாத்தாச்சா?" என்று கேட்டார். கண்ணில் என்ன என்றேன். குறைமாதத்தில் பிறக்கும்போது விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. சில பிள்ளைகளுக்கு வெளியே வந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துவிடும். அப்படி இழுத்தால் பார்வை போய்விடும், திரும்ப வராது. ஆக்சிஜன் அளவுக்கு மீறிப் போனால் இந்த ஆபத்து கூடும். ஆக்சிஜன் கொடுக்கப்படுகிற குறைமாதப் பிள்ளைக்கு, மானிட்டரில் காட்டுகிற ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 90-லிருந்து 95 சதவீதம் வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஆக்சிஜனைக் குறைக்க வேண்டும். ஆக்சிஜன் எதுவும் இல்லாமல் தானாக மூச்சு விடும்போது 98, 100 என்று இருந்தால் அது தப்பில்லை. என் பிள்ளைக்கு ஒன்பது நாளும் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று 99, 100 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறேன்.

34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2,000 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை கட்டாயம். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் கீழோ பிறந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். பிள்ளையின் கண்ணை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, கறுகறுவென்று அழகாகத்தான் இருக்கும். தனியார் ஆஸ்பத்திரி கொடுத்த அரைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையில் காசு இருந்து, பிள்ளை அங்கேயே தேறி, 20-ம் நாள் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பல ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன்.

26-ம் நாள் கண் டாக்டர் வார்டுக்கே வந்து சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். ஆரம்ப நிலை, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். 33-ம் நாள் பார்த்தபோது மூன்றாம் நிலைக்குப் போயிருந்தது. இதில் இரண்டு மூன்று நாளுக்குள் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். மறுநாளே இரண்டு கண்ணுக்கும் லேசர் செய்தார்கள். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் வெளியே நின்றேன். நெல்லையப்பருக்கு வேண்டிக்கொள்ளக்கூட வார்த்தை வரவில்லை, "கண்ணு, கண்ணு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் பழுதான குழாய்கள் சுருங்க ஆரம்பித்துவிட்டன என்றார்கள்.

எடையைப் பற்றி ஒரு விஷயம். பிறந்த முதல் சில நாளில் எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் இளைக்கும், பயப்பட வேண்டாம். பிறந்த எடைக்குத் திரும்பிய பிறகு, இவள் அளவுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இருபது முதல் முப்பது கிராம் வரை கூட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்கிறார்களா, உங்களிடம் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். தனியாரில் இருந்த ஒன்பது நாளுக்கு என் நோட்டில் எடை இரண்டே தடவைதான் இருக்கிறது. ஹைகிரவுண்டில் ஒவ்வொரு நாளும் இருக்கிறது. 1,290-ல் தொடங்கி, 42-ம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது 1,940. போகும் முன் காது கேட்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். தீவிர சிகிச்சையில் இருந்த பிள்ளைகளுக்கு அதையும் விடக்கூடாது. தடுப்பூசி எப்போது, இரும்புச்சத்து மருந்து எப்போது, கண்ணுக்கு மறுபடி எந்தத் தேதி என்று எல்லாம் எழுதிய தாளைக் கொடுத்து, என்னை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி, பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு நின்றாள். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று சொன்னேன். முகம் வாடினாள், ஆனால் கேட்டுக்கொண்டாள். கையைக் கழுவிவிட்டு வா, தூக்கிக்கொள் என்றேன். முழங்கை வரை கழுவிவிட்டு வந்தாள். அதன் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் தொட்டிப் பக்கம் அனுப்புகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

இப்போது திருநெல்வேலி ஜங்ஷனில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் காட்டி வருகிறோம். லேசர் செய்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வர வாய்ப்பு உண்டு, அதனால் வருஷா வருஷம் பார்க்க வேண்டும். சின்னதாக ஒரு கண்ணாடி போட்டிருக்கிறாள், கழற்றிக் கழற்றி எறிகிறாள். சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. போன வாரம் ஆலையில் மூட்டை தூக்குகிற அண்ணாச்சி ஒருவர் மகளுக்கு 33 வாரத்தில் வலி கண்டு ராத்திரி எனக்குப் போன் செய்தார். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். விடியும் முன் ஹைகிரவுண்டில் சேர்த்துவிட்டார்கள். முதல் ஊசி போட்டாயிற்று என்று காலையில் சொன்னார்.